கிருமியின் சொந்தக்காரர்கள்

ஐஸ் பெட்டியைத் திறந்ததும் கங்காவின் கண்ணில் முதலில் பட்டது அக்காவின் பெயர்தான். இராஜம்மா, வயது முப்பத்து நான்கு, புக்கிட் ரோத்தான். பக்கத்துக் குப்பியில் லெட்சுமி, வயது ஆறு. அக்காவின் மகள். இரண்டு குப்பிகளிலும் தொண்டைச் சளி தோய்த்த பஞ்சுக் குச்சிகள் மிதந்துகொண்டிருந்தன.

அது 1987ஆம் ஆண்டின் தொடக்கம். கங்கா கோலாலம்பூரில் ஒரு கிருமி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். ரவாங்கில் அம்மாவுடன் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அக்கா மட்டும் அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு அங்கேயே இருந்தாள். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், தொலைபேசி கிடையாது. அக்காவுக்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் என்பதே அந்தக் குப்பிகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் அம்பிகைபாகன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அவருடைய அப்பா கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிறகும் டாக்டர் வீட்டில் பேசிய யாழ்ப்பாணத் தமிழை விடவில்லை.

"தெரிஞ்ச ஆக்களோ?"

"என் அக்கா, டாக்டர். இது அக்கா மக."

"அப்ப இதை வேற ஆளிட்டக் குடுக்கிறன்."

"வேணாம் டாக்டர். நானே செய்றேன்."

"கை நடுங்குமெண்டா செய்யக் கூடாது, பிள்ளை."

"நடுங்காது" என்றாள். குச்சிகளைக் கழுவி, அந்த நீரைக் குரங்குச் சிறுநீரகச் செல்கள் வளர்ந்த கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. காலி இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரவாங் வரைக்கும் நின்றே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். புக்கிட் ரோத்தானில் இறங்கி, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் நடந்தாள். லயத்தில் வழக்கமாக வெளியே விளையாடும் பிள்ளைகள் ஒருவரையும் காணவில்லை. அக்கா வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த வீடுகளில் கதவு சாத்தியிருந்தது.

"பொணத்தப் பாக்க வந்தவ மாதிரி நிக்காத. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் இராஜம்மா. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"லெட்சுமி?"

"ஆஸ்பத்திரியிலதான். மூக்குல குழா வெச்சிருக்காங்க. குளிச்சிட்டு மறுபடி போகணும். முந்தாநேத்து கண்ணத் தொறந்து தண்ணி கேட்டா. நேத்து கேக்கல."

காய்ச்சல் முதலில் இராஜம்மாவுக்கு வந்தது. பிறகு லெட்சுமிக்கு. பிறகு லெட்சுமியோடு விளையாடும் பிள்ளைகள் இருந்த இரண்டு வீடுகளுக்கு. கடும் காய்ச்சல், நெஞ்சைப் பிளக்கும் இருமல். டெங்கியும் இல்லை, மலேரியாவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என்னவென்று சொல்லவில்லை. அந்தச் சொல்லாத இடத்தில்தான் பன்றி வந்து நின்றது.

இராஜம்மாவின் கணவன் செல்லன் தோட்டத்தின் ரப்பர்ப் பகுதியில் பால் மரம் வெட்டுகிறவன். மிச்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பன்றி வளர்த்தான். தீபாவளிக்கு அவனிடம் இறைச்சி வாங்காத வீடு அந்த லயத்தில் குறைவு. அன்றைக்கு அவன் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு நாலைந்து பேரோடு வந்தார். தங்கராஜு கோயில் தலைவரும்கூட. அக்காவும் கங்காவும் சின்ன வயதிலிருந்தே அவரைப் பெரியப்பா என்றும் அவர் மனைவி நல்லம்மாளைப் பெரியம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடத் தீமிதிக்காக மாதக்கணக்கில் விரதம் இருந்து, மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார்.

"செல்லா, மேனேஜர் தொரகிட்ட சொல்லியாச்சு. பன்னிய எல்லாம் தோட்டத்த விட்டு ஏத்திடணும்."

"பன்னிக்கு ஒரு தும்மல் கூட இல்ல. அதுக்கு என்னா சீக்குன்னு ஏத்தச் சொல்றீங்க?"

"பச்சப் புள்ளைக்கும் தெரியும் லா. பன்னி ஒன் வீட்டுல. காய்ச்சலும் மொதல்ல ஒன் வீட்டுல. இன்னும் என்னா சாட்சி வேணும்?" என்றவர், வாசலில் நின்ற கங்காவைப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு. பன்னிதானே?"

"இன்னும் தெரியல, பெரியப்பா."

"தெரியலன்னா? மெஷின்ல போட்டுப் பாக்கத்தானே கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தங்கராஜு சிரிக்கவில்லை. அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. அப்போது கங்கா அதைக் கோயில் தலைவருக்கு இருக்கும் கவலை என்று எடுத்துக்கொண்டாள். ஆயிரம் பேர் கூடும் திருவிழா வரவிருந்தது.

அந்த வாரம் புட்டிகளில் மாற்றம் தெரிந்தது. நுண்ணோக்கியில் கண் வைத்த கங்கா கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. செல்கள் சாகவில்லை. எல்லைகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, தரையில் சிந்திய கஞ்சி மாதிரி பெரிய பெரிய திட்டுகளாகப் பரவியிருந்தன. அவள் இதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

டாக்டர் அம்பிகைபாகன் பார்த்துவிட்டு ஒரு புட்டியைத் தன்னோடு எடுத்துப் போனார். சில நாள் கழித்து, மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படத்தோடு வந்தார். உருண்டையாக, இரண்டு ஓடு போட்டதுபோல் சின்னச் சின்னக் கிருமிகள்.

"ரியோ எண்ட குடும்பம் இது. மனிசர், மாடு, பண்டி எல்லாத்திலயும் சாதாரணமா இருக்கிற கிருமி. ஒருத்தரையும் பெரிசா ஒண்டும் செய்யாது. ஆனா சாதாரண ரியோ செல்லை இப்பிடி ஒட்ட வைக்காது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பல வருசத்துக்கு முன்னம் ஆஸ்திரேலியாவில ஒரு பெரிய பழந்தின்னி வௌவாலின்ர இரத்தத்தில இப்பிடி ஒட்ட வைக்கிற ஒண்டைக் கண்டவை. அதுக்குப் பிறகு அதைப் பற்றி ஒருத்தரும் பெரிசா கதைக்கேல்லை."

"வௌவாலா?"

"பண்டியையும் பார்ப்பம், வௌவாலையும் பார்ப்பம். ஆர் சொந்தம் எண்டு அதின்ர மரபைப் பார்த்தால்தான் தெரியும்."

தோட்டத்திலிருந்து சில மைல் தள்ளி, கோலா சிலாங்கூரின் சதுப்புக் காட்டில் பெரிய வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும் மரங்கள் இருந்தன. கெலுவாங் என்று ஊரில் எல்லாரும் மலாய்ப் பெயரில்தான் அவற்றைச் சொல்வார்கள். கங்காவும் இரண்டு ஊழியர்களும் விடிவதற்கு முன்பே போய், சேற்றில் முழங்கால் புதைய நின்று, மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைக் கட்டினார்கள். இரை தேடப் போன வௌவால்கள் வெளிறிய வானத்தில் திரும்பி வந்து, கிளைக்காகச் சண்டை போட்டு, தலைகீழாகத் தொங்கி, சிறகைப் போர்த்திக்கொண்டன. விரிப்பில் விழுந்த சிறுநீரைக் கையுறை போட்ட கையால் குழாயில் உறிஞ்சி எடுக்கும்போது கங்கா மேலே பார்த்தாள். நூற்றுக்கணக்கான சின்ன முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட உடம்பு சரியில்லாததுபோல் தோன்றவில்லை.

அன்றே தோட்டத்துக்கும் போனார்கள். செல்லன் ஒவ்வொரு பன்றியாகக் காதைப் பிடித்து நிறுத்த, கங்கா மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாள். லயத்து ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் பார்த்தார்கள்.

"இதுங்க மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுவ இல்ல?" என்று கேட்டான் செல்லன்.

"இருந்தா இருக்குன்னுதான் மாமா சொல்லணும்."

அவன் தலையாட்டினான். அது அவனுக்குப் பிடித்த பதில் இல்லை.

அவளுக்கும் பிடித்த பதில் இல்லை. பன்றியாக இருந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. அப்படி அடித்துக்கொள்வது இந்த வேலைக்கு ஆகாது என்றும் அவளுக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தாள். அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொன்னாள். கை கழுவியதை மறந்து மறுபடி கழுவினாள். லெட்சுமியை நினைத்தால் மூக்கில் இருந்த குழாய்தான் முதலில் கண்ணுக்கு வந்தது.

இந்த மன அலைச்சல் டாக்டருக்குத் தெரிந்தேயிருந்தது. அக்கா, லெட்சுமி, பன்றி, வௌவால் என நான்கிலும் வளர்ந்த ரியோக் கிருமிகளிலிருந்து மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து முடித்த அன்று, குப்பிகளை அவர் தன் அறைக்குக் கொண்டுபோய், பெயர்களைக் கழற்றிவிட்டு, ஏ, பி, சி, டி, இ என்று ஒட்டிக் கொண்டுவந்தார்.

"அக்கா ஒண்டு, பிள்ளை ஒண்டு, பண்டி ஒண்டு, வௌவால் ஒண்டு. அஞ்சாவது எங்கட சாதாரண ரியோ. எது ஆர் எண்டு சொல்ல மாட்டன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா டாக்டர்?"

"என்ர கண்ணிலயே எனக்கு நம்பிக்கை இல்லை. விரும்பினதைத்தான் கண் பார்க்கும். அதுக்குத்தான் இது."

இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் மரபுப் பொருள் ஒரே நீளக் கயிறாக இருக்காது. பத்துத் துண்டுகளாக இருக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பசைபோல் உறைய வைத்த ஜெல்லின் மேல்விளிம்பில் அவற்றை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டு வேகமாகக் கீழே ஓடும், பெரியது தயங்கித் தயங்கி மேலேயே நிற்கும். பிறகு வெள்ளி உப்புக் கரைசலில் ஊறப்போட்டால் பத்தும் பத்துப் பழுப்புக் கோடுகளாகத் தெரியும். எந்தக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது ஏறக்குறைய குடும்பச் சாடை மாதிரி. அண்ணன் தம்பிகளுக்கு ஒத்துப்போகும், தூரத்துச் சொந்தத்துக்கு அங்கங்கே விலகும்.

முதல் ஜெல் கெட்டுப்போனது. அறையின் குளிர்சாதனம் நின்று, பசை சூடேறி, கோடுகள் எல்லாம் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கங்கா அதைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பிய நேரத்தில் தொலைபேசி வந்தது. புக்கிட் ரோத்தான் கடை ஒன்றிலிருந்து செல்லன் பேசினான்.

"ஆப்பீஸ்ல கடிதாசு குடுத்துட்டாங்க. நாளைக்கி லோரி வருது. தஞ்சோங் காராங் சீனத் தவுக்கே எல்லாத்தையும் வெலைக்கு ஏத்திக்கிறாரு."

"ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்க மாமா. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"பொறுக்கறது யாரு? மண்டோரு ஆப்பீஸ் வாசல்லயே நிக்கறாரு." பிறகு சொன்னான். "லெட்சுமி இன்னிக்கி ஒக்காந்தா. கஞ்சி குடிச்சா. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

கங்கா தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள். பிறகு வந்து இரண்டாவது ஜெல்லை ஊற்றினாள்.

மறுநாள் காலை அது வெள்ளிக் கரைசலில் கிடந்தபோது அவளால் பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை, விலகிப் போகவும் முடியவில்லை. மங்கலான மஞ்சளில் முதலில் மேல் கோடுகள் மூன்று எழுந்தன. பிறகு நடுவில் மூன்று. கடைசியாகக் கீழே நான்கு. வெளிச்சப் பெட்டியின்மேல் வைத்து அளவுகோலைப் பிடித்தாள். ஏ, சி, டி மூன்றும் ஒரே சாடை, கோட்டுக்குக் கோடு நேராக நின்றன. பி அவற்றைவிட்டு விலகி, இ-யின் பக்கம் நின்றது.

டாக்டரைக் கூப்பிட்டாள். இ-தான் சாதாரண ரியோ என்பது பழகிய கோடுகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒத்துப்போன மூன்றில் இரண்டு அக்காவும் லெட்சுமியும்தான். மூன்றாவது பன்றியா, வௌவாலா?

"எப்பிடியெண்டு நீர் முதல்ல சொல்லும்" என்றார் டாக்டர்.

"ஏ, சி, டி ஒண்ணு. பி வேற. பி-யும் இ-யும் கிட்ட."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

"சி வௌவால். பி பண்டி."

கங்கா அளவுகோலை மறுபடி சி-யின் மேல் வைத்துப் பார்த்தாள். செல்லனின் பன்றிகளில் இருந்தது உலகத்துப் பன்றிகளில் எல்லாம் இருக்கும் சாதாரணக் கிருமி. அக்காவின் தொண்டையில் இருந்தது மரத்தில் தொங்குவதன் கிருமி. எது வேண்டுமென்று தவித்தாளோ அதுவே வந்துவிட்டது. அதனாலேயே அவளுக்கு அதை நம்பப் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கறேன், டாக்டர்."

"பாரும். பார்த்தாலும் இது சாடை மட்டும்தான். சாடையை வைச்சுச் சொந்தமெண்டு சொல்லேலாது."

சொந்தத்தைச் சொல்லும் சோதனை வேறு. மரபுத் துண்டு இரட்டை இழை. சூடாக்கினால் இரண்டும் பிரியும், ஆற விட்டால் தன் ஜோடியைத் தேடிச் சேரும். அக்காவின் கிருமியிலிருந்து பிரித்த இழைகளுக்குக் கதிரியக்க அடையாளம் போட்டு, மற்றக் கிருமிகளின் பிரிந்த இழைகளோடு கலந்துவிட்டார்கள். வௌவாலின் இழையோடு அவை இறுகச் சேர்ந்தன. பன்றியின் இழையோடும் சாதாரண ரியோவின் இழையோடும் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன. குடும்பம் ஒன்று, கிளை வேறு. மனிதனுக்குக் காய்ச்சல் தரும் அப்படி ஒரு கிளையைப் பற்றி யாரும் எங்கும் எழுதியிருப்பதாக டாக்டருக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ர கேள்வி ஒண்டுதான்" என்றார் அவர். "வௌவால் சதுப்புக் காட்டில தொங்குது. உம்முடைய அக்கா லயத்தில இருக்கிறா. இது எப்பிடி அங்க போனது?"

ஞாயிற்றுக்கிழமை கங்கா தோட்டத்துக்குப் போனபோது லெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். மெலிந்த கையால் கங்காவின் கைப்பையைத் திறந்து மிட்டாயைத் தேடினாள். பின்பக்கம் கொட்டகை காலியாக இருந்தது. செல்லன் வீட்டில் இல்லை. இராஜம்மா குழாயடியில் பானை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கெலுவாங் ஏதும் தொட்டியா?"

பானையில் ஓடிய கை நின்றது. "கெலுவாங்கா? அதுக்கும் நமக்கும் என்னா?"

"ஒன் தொண்டையில இருந்தது அதோட கிருமி. நான் பாத்துட்டேன். அது தானா பறந்து வந்திருக்காது."

இராஜம்மா பானையைக் கவிழ்த்து வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லம்மா பெரியம்மாவுக்கு இழுப்புன்னு ஒனக்குத் தெரியுமில்ல. இந்த வருசம் ரொம்ப மோசம். ராவெல்லாம் ஒக்காந்தே கெடக்கும், படுக்க முடியாது. கெலுவாங் கறி தின்னா நெஞ்சு எளகும்னு யாரோ சொல்லியிருக்காங்க. மண்டோரு காப்புக் கட்டினவரு. அவரு வீட்டு அடுப்புல அத வெக்க முடியுமா? ஆத்துப் பக்கத்துக் கம்பத்துல, அந்தக் கிராமத்தான் ஒருத்தன்கிட்ட வாங்கி, சாக்குல உயிரோட போட்டு, பின்வாசல்ல கொண்டாந்து குடுத்தாரு. நான்தான் அடிச்சு உரிச்சேன். கையெல்லாம் கீறிடுச்சு. மூஞ்சியில மூத்திரம் வேற."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சொல்லாதன்னு பெரியம்மா என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு."

"பன்னிய ஏத்தச் சொன்னதே பெரியப்பாதானே. அப்பவும் நீ வாயத் தொறக்கல."

"தொறந்தா அவரு மட்டுமா தலைகுனிவாரு? லெட்சுமி பொறந்தப்ப மூணு நாளு என் பக்கத்துல ஒக்காந்திருந்தது யாரு? நீயா? அம்மாவா?" இராஜம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. "நீயும் சொல்லிடாத, கங்கா. பன்னி போயிருச்சு. போனது போனதுதான்."

சொல்ல மாட்டேன் என்று கங்கா வாக்குக் கொடுக்கவில்லை. சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸில், பத்தாங் பெர்ஜுந்தையில் வண்டி மாறும் வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றி மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் அம்பிகைபாகனும் கங்காவும் தோட்டத்துக் கிளினிக்குக்குப் போனார்கள். எல்லார் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டியிருந்தது. யாருக்குக் காய்ச்சல் வந்து தெரியாமலே போனது என்று இரத்தம் சொல்லும். லயத்து ஜனங்கள் பெஞ்சுகளிலும் வாசல்படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். செல்லன் சுவரோரம் நின்றான். இராஜம்மா மகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் உட்காராத ஒரு பெஞ்சின் கோடியில் இருந்தாள். நல்லம்மாள் முன்வரிசையில். அவள் மூச்சின் விசில் சத்தம் ஊசி தயார் செய்துகொண்டிருந்த கங்காவுக்குக் கேட்டது.

டாக்டர் எழுந்து நின்று பேசினார். காய்ச்சல் எந்தக் கிருமி என்று கண்டுபிடித்தாயிற்று, அது பன்றியின் கிருமி அல்ல, பெரிய வௌவாலிடமிருந்து வந்தது, அதற்குப் பிறகு ஒருவர் இருமி இன்னொருவருக்குப் பரவியது என்றார்.

"பண்டிக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வௌவாலை ஆரும் பிடிச்சிருந்தா, உரிச்சிருந்தா எங்களுக்குச் சொல்லுங்கோ. குற்றம் எண்டு கேக்கேல்லை. இனி ஒருத்தரும் அப்பிடித் தொடாம இருக்கக் கேக்கிறன்."

செல்லன் கங்காவைப் பார்த்தான், பிறகு காலிக் கொட்டகை இருந்த திசையைப் பார்த்தான். கங்கா தலையைத் தூக்கவில்லை. இராஜம்மாவைப் பார்த்தால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஊசிகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

தங்கராஜுதான் முதலில் வாயைத் திறந்தார். "மரத்துல தொங்கறது யாரு வீட்டுக்கு வரப்போவுது, டாக்டர்? பன்னி போனதுக்கு அப்பறம் புதுசா யாருக்கும் காய்ச்சல் இல்ல. அதுல இருந்தே தெரியலியா?"

நல்லம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நிற்பதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது.

"நாந்தான் தின்னேன்" என்றாள்.

"நல்லம்மா, ஒக்காரு" என்றார் தங்கராஜு.

"எனக்காக இவரு வாங்கியாந்தாரு. எங்க வீட்டுல வெக்கக் கூடாதுன்னு இராஜம்மாதான் உரிச்சு ஆக்கிக் குடுத்துச்சு." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சை இழுத்தாள். "அந்தப் புள்ள குழா வெச்சிக்கிட்டுக் கெடந்தப்பகூட அவ சொல்லல. பன்னிய ஏத்தறப்பகூடச் சொல்லல. இன்னிக்காச்சும் எவனாச்சும் சொல்லுவானான்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல. அதான் நான் சொல்றேன்."

செல்லன் சுவரைவிட்டு விலகி, மனைவியின் முன்னால் வந்து நின்றான். அவள் தலை நிமிரவில்லை. அவன் திரும்பி வெளியே போய்விட்டான். அதைவிட அவன் அடித்திருந்தால்கூடத் தேவலாம்போல் இருந்தது கங்காவுக்கு.

ஊசிக்காகத் தங்கராஜு கடைசியில் வந்து உட்கார்ந்தார். காப்புக் கட்டிய கையைத் தொடைக்கு அடியில் மறைத்து, மற்றக் கையை நீட்டினார்.

"கெலுவாங்கா இருக்கும்னு நீங்க நெனைக்கவே இல்லியா, பெரியப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள் கங்கா.

அவர் ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குந்தான் ரெண்டு நாளு காய்ச்சல் அடிச்சுச்சு. யாருகிட்டயும் சொல்லல. நெனச்சேன். நெனச்சதனாலதான் பன்னின்னு சொன்னேன்."

அந்த வருடம் அவர் தீ மிதிக்கவில்லை. காப்பைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, கோயில் பொறுப்பையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார் என்று இராஜம்மா சொல்லித்தான் கங்காவுக்குத் தெரியும். பரிசோதனையில் அவர் இரத்தத்திலும் அந்தக் கிருமியின் தடம் இருந்தது. நல்லம்மாளின் இரத்தத்தில் இல்லை. கறி நன்றாக வெந்திருக்கும் என்றார் டாக்டர்.

துரை ஆபீஸிலிருந்து யாரோ வந்து, பன்றி வளர்க்கலாம், தடை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செல்லன் மறுபடி வளர்க்கவில்லை. மனைவியோடு பல வாரம் பேசவும் இல்லை. ஒரு நாள் கங்காவைப் பார்க்க ரவாங்குக்கே வந்தான்.

"ஒனக்கு மின்னாடியே தெரியும். ஏன் என்கிட்ட சொல்லல?"

"அக்கா கேட்டுக்கிச்சு. நான் ரெண்டு மனசா இருந்தேன், மாமா."

"எல்லாரும் ரெண்டு மனசா இருந்தீங்க. பன்னிதான் லோரில ஏறுச்சு." அவனே சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். பிறகு ரவாங்கில் ஏதாவது பேக்டரியில் வேலை கிடைக்குமா என்று விசாரித்தான். அந்த லயத்தில் இனிமேல் இருக்க அவனுக்கு மனம் இல்லை.

வருடக் கடைசியில் அவர்கள் ரவாங்குக்கு மாறி வந்தார்கள். சாமான் ஏற்றிய அன்று நல்லம்மாள் மட்டும் லோரி வரைக்கும் நடந்து வந்து, லெட்சுமியின் தலையைத் தடவிவிட்டு, மூச்சு வாங்க அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். செல்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிறு கட்டினான். லோரி புறப்படும்போதுதான் அவளிடம் சொன்னான்.

"ரவாங் கிளினிக்ல இழுப்புக்கு நல்ல மருந்து இருக்குதாம். கங்கா சொன்னா. வந்தா நம்ம வீட்டுலயே தங்கிக்குங்க."

கிருமியைப் பற்றிய கட்டுரை அதற்கடுத்த வருடம் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய குப்பிக்குப் பதில் வந்திருந்தது. அங்கே கண்ட வௌவால் கிருமிக்கு இது கிட்டத்துச் சொந்தம்தான், ஆனால் அதுவே அல்ல. பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் டாக்டர் அம்பிகைபாகன் கங்காவைக் கூப்பிட்டார்.

"கண்ட இடத்தின்ர பேரைத்தான் வைக்கிறது வழக்கம். உங்கட தோட்டத்துப் பேரைப் போடவோ?"

"வேணாம், டாக்டர். அங்க பொண்ணு கேக்க வர்றவங்க மொதல்ல காய்ச்சல் எப்படி இருக்குன்னுதான் கேக்கறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வௌவால்கள் தொங்கிய சதுப்புக் காட்டின் மரம் ஒன்றின் மலாய்ப் பெயரை எழுதினார். கங்கா அதை வாசித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மனம் அதில் நிற்கவில்லை. வௌவால் சிறுநீர் பிடித்த மற்றக் குப்பிகள் உறைபெட்டியில் இன்னும் கிடந்தன. வௌவால் சிறுநீரில் அந்த ஒரு கிருமியை மட்டும்தான் அவள் தேடினாள், கிடைத்தது. வேறு என்னென்ன இருந்தன என்று யாரும் தேடவில்லை.

"டாக்டர், மத்தக் குப்பியெல்லாம் நான் எடுத்துப் பாக்கவா?" என்று கேட்டாள்.

"எதைத் தேடப் போறீர்?"

"தெரியல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு உறைபெட்டியின் சாவியை எடுத்து மேசையின்மேல் வைத்தார்.